வேக்போர்டிங் படகின் அடிப்பாரத் தண்ணீர்: பம்பியைத் தெரிவு செய்வது எப்படி?

படகுக்குள் தண்ணீர் வந்தால் இறைத்துக் கொட்டுவதே கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. அதற்கு நேர்மாறாக, நூற்றுக்கணக்கான லீற்றர் தண்ணீரை வேண்டுமென்றே படகுக்குள் ஏற்றுகின்ற விளையாட்டு ஒன்று இருக்கின்றது. அதுதான் வேக்போர்டிங்.

கால்கள் இரண்டையும் ஒரு பலகையில் பூட்டிக்கொண்டு, படகில் கட்டிய ஏறத்தாழ 20 மீற்றர் நீளக் கயிற்றைப் பிடித்தபடி, மணிக்கு 30 முதல் 37 கிலோமீற்றர் வேகத்தில் வீரர் இழுபட்டுச் செல்வார். படகு கிழித்துச் செல்லும்போது பின்னால் எழும் அலையில் ஏறி அவர் அந்தரத்தில் துள்ளுவார். அலை உயர்ந்தால் துள்ளலும் உயரும். படகு பாரமானால் அலை உயரும். ஆகவே படகைப் பாரமாக்க வேண்டும். அதேவேளை, கரைக்குத் திரும்பும்போது அந்தப் பாரம் இருக்கக் கூடாது. இதற்குத் தண்ணீரை விடப் பொருத்தமான பொருள் இல்லை. இருந்த இடத்திலேயே கிடைக்கும், வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிடலாம்.

இந்தத் தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் பம்பியின் பொறுப்பு. ஏற்றத் தவறிய பம்பி அன்றைய விளையாட்டை மட்டும் கெடுக்கும். இறக்கத் தவறிய பம்பி படகையே ஆபத்தில் தள்ளக்கூடும். எனினும், பலர் எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று மட்டும் கேட்டுத்தான் பம்பி வாங்குகின்றார்கள். எத்தனை நிமிடத்தில், எவ்வளவு மிச்சமின்றி வெளியேறும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

விளையாட்டும் பாரமும்

1985இல் அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த டோனி ஃபின், கடல் அலைச்சறுக்குப் பலகையைச் சிறிதாக்கி, படகால் இழுக்கக்கூடிய 'ஸ்கேர்ஃபர்' என்ற பலகையை அறிமுகப்படுத்தினார். 1990இல் ஹேர்ப் ஓ'பிரையனின் நிறுவனம் 'ஹைப்பர்லைற்' பலகையைக் கொண்டுவந்தது. அதன்பின் இது தனி விளையாட்டாக வளர்ந்தது. தொடக்கத்தில் அலையைப் பெருப்பிக்க நண்பர்களையே கூடுதலாகப் படகில் ஏற்றினார்கள். பிறகு தண்ணீர் நிரப்பும் தடித்த பைகள் வந்தன. இன்று இதற்கெனவே கட்டப்படும் படகுகளில் தாங்கிகளும் பம்பிகளும் உள்ளேயே பொருத்தப்பட்டு வருகின்றன. இலங்கையில் இந்த விளையாட்டுக்கு அறியப்பட்ட இடம் பெந்தோட்டை ஆறு.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். கணக்கு முழுவதும் இதிலிருந்துதான் தொடங்குகின்றது. சந்தையில் கிடைக்கும் பைகளின் அளவு பெரும்பாலும் இறாத்தலில் குறிக்கப்பட்டிருக்கும். 400 இறாத்தல் பை ஏறத்தாழ 180 லீற்றர் கொள்ளும். 750 இறாத்தல் பை 340 லீற்றர் கொள்ளும். பின்புறம் இரண்டு பெரிய பைகளும் அணியத்தில் ஒரு சிறிய பையும் வைத்தால் மொத்தம் 860 கிலோகிராம். அதாவது, 70 கிலோ எடையுள்ள 12 பேர் ஏறி அமர்ந்ததற்குச் சமம்.

படகின் கொள்ளளவுத் தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும் எடைக்குள் இதுவும் அடங்க வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இத்தகைய தகடு சட்டப்படி அவசியம். பெரிய படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிடினும், தயாரிப்பாளரின் கையேட்டில் எல்லை கூறப்பட்டிருக்கும். ஆட்களின் எடை, எரிபொருள், தண்ணீர் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பையின் அளவு தெரியாமல் பம்பியின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டு வகைப் பம்பிகள்

முதலாவது, மையநீக்கப் பம்பி. மீன்களை உயிரோடு வைத்திருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் செலுத்தவும், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கவும் பயன்படுவது இதே வகைதான். ரூல், அட்வுட் போன்ற நிறுவனங்களின் பம்பிகள் இதில் பிரபலமானவை. விலை குறைவு. சில அம்பியர் மின்னோட்டமே போதும். சிறிது நேரம் தண்ணீரின்றி ஓடினாலும் பெரிதாகப் பழுதடையாது. ஆனால், தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே எடுக்க இதனால் முடியாது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்தப்பட வேண்டும். குழாயில் காற்று சிக்கினால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. ஒரு திசையில் மட்டுமே வேலை செய்வதால், ஒவ்வொரு பைக்கும் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று இரண்டு பம்பிகள் தேவை. மூன்று பைகளுக்கு ஆறு.

இரண்டாவது, இறப்பர் இதழ்கள் கொண்ட இம்பெலர் பம்பி. இதன் சக்கரத்தில் வளையக்கூடிய இறப்பர் இதழ்கள் இருக்கும். அவை வீட்டின் ஒரு பக்கத்தில் நசுங்கி, மறுபக்கத்தில் விரியும்போது தண்ணீர் உறிஞ்சப்படுகின்றது. ஜாப்ஸ்கோ, ஜோன்சன் பம்ப் ஆகிய நிறுவனங்கள் அடிப்பாரத்துக்கென்றே இவ்வகைப் பம்பிகளைத் தயாரிக்கின்றன. இது தானாக உறிஞ்சக்கூடியது என்பதால் நீர்மட்டத்துக்கு மேலேயும் பொருத்தலாம். மின் இணைப்பின் நேர், மறை முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் ஓடும். எனவே, ஒரு பைக்கு ஒரு பம்பியும் ஓர் இருதிசை ஆளியும் போதும். நிறுத்தும்போது இதழ்கள் பெருமளவு பாதையை அடைத்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஒரு பம்பி 15 முதல் 20 அம்பியர் வரை இழுக்கலாம். எல்லாவற்றையும் விட, தண்ணீரின்றி ஓடினால் இறப்பர் இதழ்கள் விரைவில் சூடேறி உதிர்ந்துவிடும். பை காலியான பிறகும் ஆளியை அணைக்க மறந்தால் அன்றே இம்பெலர் மாற்ற வேண்டிவரும். இதனால்தான் நேரக்கட்டுப்பாட்டு ஆளி இதற்கு ஆடம்பரப் பொருள் அல்ல.

இவை தவிர, படகின் ஓரமாகத் தண்ணீரில் இறக்கி, 12 வோல்ற் இணைப்பில் சொருகிப் பாவிக்கும் கையடக்கப் பம்பியும் உண்டு. படகில் துளை போடத் தேவையில்லை. வாடகைப் படகுக்கும், எப்போதாவது விளையாடுபவருக்கும் இது போதும். வேறு சில படகுகளில் அடியில் பெரிய வாயில்கள் திறந்து, தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே தாங்கியை நிரப்பும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை நிரப்புவதற்கு அங்கும் பம்பி வேண்டும்.

பெட்டியில் உள்ள எண்

பம்பியின் பெட்டியில் 'மணிக்கு 800 கலன்' என்று எழுதப்பட்டிருந்தால், அது அமெரிக்கக் கலன். அதன் அளவு 3.785 லீற்றர். நம் நாட்டில் முன்பு புழங்கிய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். இரண்டையும் குழப்பினால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு பிசகிவிடும். 800 அமெரிக்கக் கலன் என்பது மணிக்கு ஏறத்தாழ 3,030 லீற்றர், நிமிடத்துக்கு 50 லீற்றர். 340 லீற்றர் பையை ஏழு நிமிடத்துக்குள் நிரப்பிவிடலாம் என்று தோன்றும்.

நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அந்த எண் பெரும்பாலும் குழாயே இல்லாமல், உயரமே ஏற்றாமல், இயந்திரம் ஓடும்போது கிடைக்கும் 13.6 வோல்ற் போன்ற மின்னழுத்தத்தில் பெறப்பட்டது. படகிலோ தண்ணீர் ஒரு மீற்றர் அளவில் மேலேற வேண்டும். வளைவுகளைக் கடக்க வேண்டும். மையநீக்கப் பம்பியின் பாய்ச்சல் உயரம் கூடக்கூட வேகமாகக் குறையும். இம்பெலர் பம்பியில் இந்தக் குறைவு சற்று மெதுவானது. அறிவிக்கப்பட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் திருப்தி கொள்ளலாம். அப்படியானால் அந்தப் பைக்கு ஏழு நிமிடமல்ல, பத்து நிமிடம் என்று கணக்கிட வேண்டும்.

குழாயின் விட்டம் இதில் பெரும் பங்கு வகிக்கின்றது. ஒரு அங்குலக் குழாய்க்குப் பதிலாக முக்கால் அங்குலக் குழாய் போட்டால், தண்ணீர் செல்லும் பரப்பு 56 சதவீதமாகக் குறையும். அதே அளவு தண்ணீரை அதனூடாகச் செலுத்த வேண்டுமானால் உராய்வு நான்கு மடங்குக்கு மேல் கூடும். பம்பியின் வாய் ஒரு அங்குலம் என்றால் குழாய், இணைப்பு, வால்வு, பையின் வாய் அனைத்தும் ஒரு அங்குலமாகவே இருக்க வேண்டும். இடையில் வரும் ஒரே ஒரு சிறிய இணைப்பு முழுத் தொகுதியையும் நெரித்துவிடும். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் உட்புறம் வழுவழுப்பாகவும், உறிஞ்சும்போது சப்பையாகாதபடி கம்பிச் சுருள் வைத்ததாகவும் இருப்பது நல்லது.

உண்மையான பாய்ச்சலை அறிய எளிய வழி ஒன்று உண்டு. குழாயின் முனையைப் பை இருக்கும் உயரத்தில் பிடித்து, 20 லீற்றர் வாளி நிரம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 24 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 50 லீற்றர். 40 செக்கன் எடுத்தால் 30 லீற்றர்தான்.

வயரில் தொலையும் மின்சாரம்

'பம்பி பலமில்லை' என்ற முறைப்பாடுகளில் பலவற்றுக்குக் காரணம் பம்பி அல்ல, மெல்லிய வயர். பற்றரியிலிருந்து பம்பி 6 மீற்றர் தூரத்தில் இருந்தால், போய்வரும் வயரின் நீளம் 12 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 20 அம்பியர் பாயும்போது ஏறத்தாழ 1.7 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ற் பற்றரியிலிருந்து பம்பிக்குச் சேர்வது 10.3 வோல்ற் மட்டுமே. 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ற் அளவில் நின்றுவிடும்.

ஒவ்வொரு பம்பிக்கும் அதன் தயாரிப்பாளர் கூறும் அளவில் தனித்தனி உருகி வேண்டும். பிரதான உருகி பற்றரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மூன்று இம்பெலர் பம்பிகள் ஒரே நேரத்தில் ஓடினால் 60 அம்பியர் வரை தேவைப்படலாம். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அல்டனேற்றர் இவ்வளவு மின்சாரத்தைத் தராது. ஆகவே, இயந்திரத்தை இயக்கும் பற்றரியையும் பம்பிகளுக்கான பற்றரியையும் பிரித்து வைப்பது பாதுகாப்பானது. தண்ணீரும் இறங்காமல், இயந்திரமும் இயங்காமல் ஆற்றின் நடுவில் நிற்கும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

பெற்றோல் இயந்திரம் உள்ள அறைக்குள் பம்பி பொருத்துவதானால், தீப்பொறி வெளியேறாத பாதுகாப்புச் சான்று பெற்ற பம்பி மட்டுமே பாவிக்க வேண்டும். பெற்றோல் ஆவி தேங்கும் இடத்தில் சாதாரண மோட்டாரின் ஒரு பொறி போதும், படகு தீப்பற்ற. அமெரிக்காவில் இது சட்டத் தேவையும் ஆகும்.

அடியில் போடும் துளை

நிரந்தரத் தொகுதிக்குப் படகின் அடியில் துளை போட வேண்டும். நீர்மட்டத்துக்கு 30 சென்றிமீற்றர் கீழே உள்ள 25 மில்லிமீற்றர் துளை திறந்துவிட்டால், நிமிடத்துக்கு 40 லீற்றருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். குழாய் ஒன்று கழன்றாலும் இதே அளவுதான். படகின் அடிநீரை இறைக்கும் சிறிய பம்பி ஒன்றால் இதற்கு ஈடுகொடுப்பது கடினம்.

எனவே துளையின் வாயிலேயே கையால் மூடக்கூடிய வால்வு அவசியம். அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டிகள் இரண்டு போடுவது வழக்கம். அடிநீரை இறைக்கும் பம்பி தனியாகவே இருக்க வேண்டும். அடிப்பாரப் பம்பியை அதற்கும் சேர்த்துப் பாவிக்கலாம் என்று எண்ணுவது தவறு.

இன்னொரு சிக்கல், ஆளி அணைந்திருக்கும்போதும் தண்ணீர் நகர்வது. மையநீக்கப் பம்பிக்குள் பாதை எப்போதும் திறந்தே இருக்கும். படகு வேகமெடுக்கும்போது, முன்னோக்கிய உறிஞ்சுவாய் தண்ணீரைத் தானாகவே பைக்குள் தள்ளும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பையிலிருந்து சைபன் முறையில் தண்ணீர் தானாக வெளியேறுவதும் உண்டு. குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் வால்வு வைத்தால் சைபன் முறியும். ஒருவழி வால்வும் உதவும். ஆனால் அது பாய்ச்சலைக் குறைக்கும், சிறு குப்பை சிக்கினால் மூடாது. இம்பெலர் பம்பியும் முழுமையாக அடைப்பதில்லை. எந்த வகையாயினும் வேலை முடிந்ததும் வால்வை மூடுவதே உறுதியான வழி.

வெளியேற்றுவதுதான் சோதனை

பை நிரம்பும்போது மேலதிகத் தண்ணீர் வெளியேற ஒரு காற்றுவழி வேண்டும். அது இல்லாவிட்டால் பை ஊதி, இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கிவிடும் அல்லது தையல் பிரியும். இறக்கும்போது இதே காற்றுவழி எதிரியாகலாம். அதனூடாகக் காற்று புகுந்தால் பம்பி தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். மென்மையான பைகளில் காற்றுவழியில் ஒருவழி வால்வு வைத்தால், தண்ணீர் குறையக் குறையப் பை சுருங்கி முழுமையாகக் காலியாகும். கடினமான தாங்கிக்கு இது பொருந்தாது. அதற்குக் காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும்.

ஏற்றும் குழாய் பையின் மேற்புறத்திலும், இறக்கும் குழாய் மிகத் தாழ்ந்த மூலையிலும் இருக்க வேண்டும். பையின் துணி மடிந்து வாயை அடைத்துக்கொள்வது அடிக்கடி நிகழும். வாயின் உட்புறம் துளையிட்ட சிறு குழாய்த்துண்டு வைத்தால் அது தடுக்கப்படும்.

பாரம் இறங்கும் ஒழுங்கும் முக்கியமானது. வலது, இடது பைகள் ஒரே வேகத்தில் காலியாக வேண்டும். ஒரு பக்கப் பம்பி நின்றுவிட்டால் படகு மறுபக்கத்தை விட 300 கிலோவுக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். பாதி நிரம்பிய தாங்கியில் தண்ணீர் அங்குமிங்கும் ஓடி, படகு சாயும் பக்கத்துக்கே பாரத்தைச் சேர்க்கும். அணியத்தில் பாரம் அதிகமாக இருக்கும்போது படகைத் திடீரென வேகம் குறைத்தாலோ, தன் அலையின் மீதே திருப்பினாலோ, அணியத்துக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே கொட்டும். ஆபத்து தெரிந்தவுடன் முதலில் காலியாக வேண்டியது அணியத்துப் பைதான். ஆகவே, அந்தப் பம்பி தொகுதியிலேயே மிக நம்பகமானதாக இருக்க வேண்டும்.

எஞ்சும் தண்ணீர்

கருங்கடல், கஸ்பியன் கடல் பிரதேசத்தைச் சேர்ந்த சீப்ரா சிப்பி, கப்பல்களின் அடிப்பாரத் தண்ணீரோடு வட அமெரிக்காவுக்கு வந்து, 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்டறியப்பட்டது. அதன் உறவான குவாகா சிப்பி 2007 ஜனவரியில் மேற்கே மீட் ஏரியில் காணப்பட்டது. அங்கே கப்பல்கள் செல்வதில்லை. இழுவை வண்டிகளில் கொண்டுசெல்லப்பட்ட சிறு படகுகளே அதனைக் கொண்டுசென்றதாகக் கருதப்படுகின்றது. இவற்றின் குடம்பிகள் கண்ணுக்குத் தெரியாதவை. பையின் மூலையில் எஞ்சும் சில லீற்றர் தண்ணீரே அவற்றுக்குப் போதும். பரவியபின் குடிநீர்க் குழாய்களையும் நீர்மின் நிலையங்களையும் இச்சிப்பிகள் அடைத்துவிடுகின்றன.

கப்பல்களுக்கான சர்வதேச அடிப்பார நீர் உடன்படிக்கை 2004இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2017 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. 50 மீற்றருக்குக் குறைந்த, 8 கன மீற்றருக்கு மேல் அடிப்பாரத் தண்ணீர் ஏற்றாத உல்லாசப் படகுகளை அதன் முழு நடைமுறைகளும் கட்டுப்படுத்துவதில்லை. எனவே பொறுப்பு படகுக்காரரிடமே உள்ளது. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் நமது குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியதைப் பார்த்தவர்களுக்கு இதன் பாரதூரம் விளங்கும். ஒரு நீர்நிலையில் ஏற்றிய தண்ணீரை அங்கேயே முழுமையாக இறக்கி, உலர்த்திய பிறகே இன்னொன்றில் படகை இறக்க வேண்டும். கடைசி லீற்றரையும் எடுக்கக்கூடிய பம்பி நல்ல பம்பி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் படகுக்கு எது?

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய படகு, ஒன்று அல்லது இரண்டு பைகள் மட்டும் என்றால், கையடக்கப் பம்பியே போதும். துளையில்லாத படகில் துளையால் வரும் ஆபத்தும் இல்லை.

மூன்று பைகள் நிரந்தரமாக இருக்கும், செலவைக் குறைக்க வேண்டும், அடித்தளத்தில் இடம் இருக்கின்றது என்றால், மையநீக்கப் பம்பிகள் பொருத்தமானவை. வால்வும் சைபன் தடுப்பும் தவறாமல் வேண்டும்.

அடிக்கடி ஓடும் வாடகைப் படகு, பைகள் நீர்மட்டத்துக்கு மேலே, முழுமையாகக் காலியாக்க வேண்டும் என்றால், இம்பெலர் பம்பியே ஏற்றது. நேரக்கட்டுப்பாட்டு ஆளியும் மேலதிக இம்பெலர் ஒன்றும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பெந்தோட்டை போன்ற கழிமுக நீரில் உப்புக் கலந்திருக்கும். அங்கே வெள்ளீயம் பூசிய செப்பு வயர், நீர் புகாத இணைப்புகள் என்பவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நன்னீரால் பம்பியைக் கழுவுவதும், உறிஞ்சுவாயின் வடிகட்டியைத் துப்புரவு செய்வதும் ஆயுளைக் கூட்டும். இம்பெலரை ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, இதழ்களில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். நீண்ட நாள் ஓடாத படகில் இதழ்கள் வளைந்த நிலையிலேயே இறுகிப்போகும்.

புதிய தொகுதி எதுவானாலும் ஆட்களை ஏற்றுவதற்கு முன், துறையில் கட்டிய நிலையில் பைகளை முழுமையாக நிரப்பி, பின்னர் முழுமையாக இறக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் இறங்குகின்றது என்பதை எழுதி, ஓட்டுநரின் பார்வையில் படும்படி ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்தால், பம்பி எதையோ சொல்கின்றது என்று அர்த்தம். மீன்பிடிப் படகில் அடிநீர் இறைக்கும் பம்பிக்கும் இதே சோதனை பொருந்தும்.